கடதாசி மூடியிருக்கும்போது சொல்லுங்கோ

“நீ ஏன் கேட்டனி?”

304 மேசையில் ஒரு இரவில் அதிகம் காதில் விழுகிற வசனம் இதுதான். கேட்டவன் தோற்றிருப்பான். 32 கடதாசியும் மேசையில் விரிந்து கிடக்கும். எந்த ஜே யாரிடம் இருந்தது, ஒன்பது எங்கே ஒளிந்திருந்தது என்று பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் பாட்னராக இருந்த மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார்: “அவன் நூற்றி எழுபது கேட்டிட்டான். நீ பேசாமல் விட்டிருக்கலாம். விசரே உனக்கு?”

அந்தத் தீர்ப்பு செல்லாது. எல்லாக் கடதாசியும் திறந்த பிறகு கேள்வி சரியா பிழையா என்று சொல்ல நிபுணர் தேவையில்லை, கண் இருந்தால் போதும். ஒருவரை நாங்கள் விண்ணன் என்று மதிக்கவேண்டுமானால், நாலு கடதாசியை மட்டும் பார்த்துத் தான் என்ன கேட்பார், ஏன் கேட்பார் என்று அவர் முதலே சொல்லவேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் எங்கள் சனத்தில் நிறைய இருக்கிறார்கள். குரோய்டனிலேயே பத்துப் பேரை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொல்வதில்லை. சொல்லும்படி நாங்களும் கேட்பதில்லை.

304 தெரியாத ஆட்களுக்கு வேகமாக ஒரு விளக்கம். நாலு பேர். எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு பக்கம். ஏழுக்குக் கீழே உள்ளவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் 32 கடதாசி. ஜே 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கே 3, கியூ 2, எட்டும் ஏழும் சைபர். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயர் வந்தது அப்படித்தான். (யுனிவேர்சிற்றியில் கேரளப் பெடியள் 28 விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஜேயும் ஒன்பதும்தான் பெரிசு. அதுவும் இதே குடும்பம்.) முதலில் ஆளுக்கு நாலு கடதாசி போடுவார்கள். அதை வைத்தே கேள்வி தொடங்கும். ஒருவர் 160 எடுப்பேன் என்பார், அடுத்தவர் 170 என்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஆகக் கூடக் கேட்டவர் தன் துரும்பைத் தீர்மானித்து ஒரு கடதாசியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற நாலும் கைக்கு வரும்.

வீட்டுக்கு வீடு சட்டம் மாறும். நான் சொல்லப்போவது எங்கள் மேசைச் சட்டம்: 200-க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு கல், தோற்றால் மற்றப் பக்கத்துக்கு இரண்டு கல். ஒருதரம் கேட்டவர் திரும்பவும் வாய் திறக்கவேண்டுமானால் 200-இல் இருந்துதான் தொடங்கலாம்.

இப்போது பிரிட்ஜைப் பாருங்கள். அதில் கேள்வி தொடங்கும்போது ஒருவர் 52-இல் 13 கடதாசியைப் பார்க்கிறார், அதாவது காற்பங்கு. பிறகு பாட்னரோடு சுற்றுச் சுற்றாகக் கேட்டு, முன்கூட்டியே பேசி வைத்த அர்த்தங்களால் இன்னும் கொஞ்சம் அறிந்துகொள்ளலாம். 304-இல் நாங்கள் பார்ப்பது 32-இல் நாலு. எட்டில் ஒரு பங்கு. பாட்னர் எங்களுக்குச் சொல்லக்கூடியது ஒரு இலக்கம், அல்லது மௌனம். பிரிட்ஜ் பெரிய விளையாட்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கிற அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் மாமாவுக்குத் தெரிந்தது பிரிட்ஜ் ஆடுகிற வெள்ளைக்காரத் தாத்தாவுக்குத் தெரிந்ததில் பாதிதான். தாத்தாவின் விளையாட்டுக்குப் பத்திரிகையில் பத்தி இருக்கிறது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. எங்களுடையதை நாங்களே “சும்மா கடதாசி அடிக்கினம்” என்கிறோம்.

அரைக் கையோடு முடிவெடுப்பது இந்த மனிசருக்குப் புதிதும் அல்ல. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் இவர்களும் இருந்தார்கள். எந்த நாட்டில் இறங்கப்போகிறோம் என்று தெரியாமல் ஏஜென்சிக்குக் காசு கட்டினவர்கள் இருக்கிறார்கள். லூனர் ஹவுஸ் வாசலில் குளிருக்குள் வரிசையில் நின்று, உள்ளே என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். வந்து சேர்ந்தவன் கெட்டிக்காரன், வழியில் பிடிபட்டவன் மொக்கன் என்று அவர்களுக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள், எழும்பி அடிக்க வருவார்கள். அன்றைக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாமல் இருந்தது என்பது அவர்களுக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது. கடதாசி மேசையில் மட்டும் அந்த நினைவு எங்கே போய்விடுகிறது?

சரி, கேள்விக்கே வருவோம். இரண்டு கைகளை எடுங்கள்.

முதலாவது: ஹார்ட்ஸ் ஜே, ஒன்பது, ஆசு, ஏழு. நாலும் ஒரே இனம்.

இரண்டாவது: ஸ்பேட்ஸ் ஜே, கிளப்ஸ் ஒன்பது, ஹார்ட்ஸ் ஆசு, டயமண்ட்ஸ் ஏழு. இனத்துக்கு ஒன்று.

எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் 61. எதிர்ப்பக்கம் 170 கேட்டுவிட்டது, இப்போது உங்கள் முறை. கடதாசியில் உள்ள இலக்கத்தை மட்டும் எண்ணுகிறவன் இரண்டு கைக்கும் ஒரே பதில் சொல்லவேண்டும். ஆனால் எந்தப் பழைய ஆட்டக்காரரும் அப்படிச் சொல்லமாட்டார். முதலாவது கை எங்கள் துரும்பாக இருந்தால்தான் கை. மற்றவனின் துரும்புக்குக் கீழே போனால் அந்த ஒன்பதையும் ஆசையும் அவன் வெட்டிக்கொண்டு போவான். இரண்டாவது கை யாருடைய துரும்பிலும் ஒரே அளவுதான் பெறும். எங்கள் துரும்பாக எதை வைப்பது என்றே அதில் தெரியாது. அவன் ஆடும்போது அந்த ஜே அவனுக்கு முள்ளு. ஆகவே முதலாவதில் கேட்கவேண்டும், இரண்டாவதில் விட்டுவிட்டு அவனை 170-இல் ஆடவிடவேண்டும். மாமாவுக்கு இது விரல் நுனியில் தெரியும். தெரிந்ததை எனக்கு வாயால் சொன்னது ஒரு மாமாவும் இல்லை. கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து நானாகப் பொறுக்கினது இது.

அடுத்தது கல்லுக் கணக்கு. 170 கேட்ட எதிராளியை விட்டுவிட்டால், அவன் வெல்லும்போது எங்களுக்கு ஒரு கல் நட்டம், தோற்கும்போது இரண்டு கல் இலாபம். நான் 180 கேட்டால், நான் வெல்லும்போது ஒரு கல் இலாபம், தோற்கும்போது இரண்டு கல் நட்டம். ஏ-லெவல் அளவு கூடத் தேவையில்லை, ஜிசிஎஸ்இ கணக்குப் போதும். எதிராளி வெல்லக்கூடிய வீதத்தையும் நான் வெல்லக்கூடிய வீதத்தையும் கூட்டுங்கள். 133-க்கு மேலே வந்தால் கேட்பது நல்லது. குறைந்தால் விடுவது நல்லது. எதிராளி நூற்றுக்கு 80 தரம் வெல்வான் என்று நினைத்தால் எனக்கு 54 போதும். அவன் 60 தரம்தான் வெல்வான் என்றால் எனக்கு 74 வேண்டும்.

இதைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். எதிராளி பலமாக இருக்க இருக்க, நான் துணிந்து கேட்பதற்கு வேண்டிய பலம் குறைகிறது. மேசையில் கேட்கிற புத்திமதி இதற்கு நேர் எதிர். “அவன் பலமாய்க் கேட்டிட்டான், நீ விடு” என்பார்கள். அவனும் நானும் ஒரே இனத்துக்காக அடிபடும்போது அந்தப் புத்திமதி சரி, ஏனென்றால் அவனுடைய பலம் அப்படியே என்னுடைய பலவீனம். அவனுக்கு ஒரு நீள இனமும் எனக்கு இன்னொரு நீள இனமும் இருந்தால் இரண்டு பேருமே வெல்லக்கூடிய ஆட்டம் அது. அங்கே விடுகிறவன் ஒரு கல்லைச் சும்மா கொடுக்கிறான். இரண்டில் எது என்று நாலு கடதாசியைப் பார்த்து மணப்பதுதான் திறமை.

இன்னொன்று. கையில் ஹார்ட்ஸ் ஜேயும் ஆசும் ஏழும் இருக்கிறது, ஒன்பது இல்லை. அந்த ஒன்பது எங்கே? எனக்குத் தெரியாத கடதாசி 28. அதில் நாலு எனக்கு வரும், எட்டு பாட்னருக்கு. 28-இல் 12, அதாவது 43 வீதம் எங்கள் பக்கம். ஒருவரும் வாய் திறக்கமுதல் உள்ள கணக்கு அது. இப்போது எதிராளி 170 கேட்டார் என்று வையுங்கள். அவர் சும்மா கேட்கிற ஆள் இல்லை, கையில் வேறு இனத்தில் மூன்றாவது இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று இடத்திலும் என் ஒன்பது இருக்கமுடியாது. இப்போது தெரியாதது 25, எங்களுக்கு வருவது அதே 12. 48 வீதம். அவருடைய கேள்வி எங்களை வெருட்டினது உண்மை. கூடவே எங்கள் துரும்பை ஐந்து வீதம் நல்லதாக்கியும் விட்டது. பிரிட்ஜ்காரர் இதைக் காலி இடக் கணக்கு என்று சொல்லிப் புத்தகத்தில் படிப்பிக்கிறார்கள். எங்கள் ஆட்களில் கெட்டிக்காரர் இதைச் செய்கிறார்கள். செய்துவிட்டு “ஒரு இதிலை கேட்டன்” என்பார்கள். அந்த “ஒரு இது” என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கோபம் தருகிறது.

முடிவை வைத்து ஏசுவதன் விளைவு என்ன என்று யோசியுங்கள். நல்ல கேள்வி என்பது நூற்றுக்கு நூறு வெல்கிற கேள்வி அல்ல. 70 வீதம் வெல்லக்கூடிய கேள்வியைப் பத்துத் தரம் கேட்கிற பெட்டை மூன்று தரம் அளவில் தோற்பாள். மூன்று தரமும் ஏச்சு. வென்ற ஏழுக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதே நேரம் கேட்டிருக்கவேண்டிய கையை விட்டுவிட்டு ஒவ்வொரு கல்லாகக் கொடுத்துக்கொண்டிருக்கிற பெடியனுக்கு ஏச்சே இல்லை. விட்டதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆறு மாதத்தில் அந்தப் பெட்டை என்ன கற்றுக்கொள்வாள்? வாயை மூடிக்கொண்டிருக்க. ஒரு வருடத்தில்? மேசைக்கே வராமல் இருக்க. எங்கள் கலியாணவீடுகளில் 304 மேசையைச் சுற்றி இருபத்தைந்து வயதுக்குக் கீழே எத்தனை தலை இருக்கிறது என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். “உங்கடை பிள்ளையளுக்குப் போன்தான் வேணும்” என்று பெரியாக்கள் சொல்கிறார்கள். போனில் தோற்றால் “விசரே உனக்கு” என்று போன் கேட்பதில்லை, அதையும் அவர்கள் கவனிக்கலாம்.

ஏச்சுக்குப் பயந்தவன் செய்கிற இன்னொரு வேலையும் இருக்கிறது. சாடை. “பாட்னர்” என்று சொல்கிற குரலை இழுப்பது, கடதாசியைத் தட்டுவது, நெற்றியைச் சொறிவது. கடதாசியில் இல்லாத தகவலை வேறு வழியால் வாங்கப் பார்க்கிறான். பிரிட்ஜ்காரர் குரலே வேண்டாம் என்று கேள்விகளை அட்டையில் அச்சடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் குரல் பாதி ஆட்டம், அதை எடுத்துவிட்டால் எனக்கே ருசிக்காது. ஆனால் குரலும் சாடையும் வேறு வேறு என்று எல்லாருக்கும் தெரியும்.

பிரிட்ஜ் உலகம் இந்தக் கேள்விப் பிரச்சினையை எப்படிக் கையாள்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஈலை கல்பெட்சன் 1929-இல் தொடங்கிய பிரிட்ஜ் வேர்ல்ட் என்ற மாத இதழ் இன்னும் வருகிறது. அதில் மாஸ்டர் சால்வர்ஸ் கிளப் என்று ஒரு பகுதி. ஒரு கை, அதுவரை மேசையில் கேட்ட கேள்விகள், இவ்வளவுதான் தருவார்கள். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர் குழுவாக இருந்து ஆளாளுக்கு “நான் இதைக் கேட்பேன்” என்று வாக்களித்து ஏனென்று காரணமும் எழுதுவார்கள். வாசகர்களும் பதில் அனுப்பலாம். புள்ளி கொடுப்பது குழுவின் வாக்கைப் பார்த்து. அந்தக் கை உண்மையில் வென்றதா தோற்றதா என்பதற்குப் புள்ளி கிடையாது. எனக்கு இதில் ஆகப் பிடித்தது, குழு ஒத்துப்போவது குறைவு என்பதுதான். உலக சம்பியன்கள் ஒரே 13 கடதாசியைப் பார்த்து மூன்று நாலு விதமாகக் கேட்பார்கள், ஒருவர் காரணத்தை மற்றவர் கிழிப்பார். படிக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சண்டைதான் பாடம்.

எழுதி வைத்தால் இன்னொரு நன்மை. மேலே நான் சொன்ன, இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கிற யோசனைக்கு பிரிட்ஜில் ஒரு பெரியண்ணன் இருக்கிறார். பிரான்ஸ்காரர் ஷான்-ரெனே வேர்ன் 1969-இல் பிரிட்ஜ் வேர்ல்டில் ஒரு விதியை எழுதினார். இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் நல்ல துரும்பில் எடுக்கக்கூடிய மொத்தப் பிடிகள், இரண்டு பக்கத்திடமும் உள்ள அந்தத் துரும்புகளின் மொத்த எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பது அவர் கண்டது. 1992-இல் லாரி கோஹன் அதை ஒரு புத்தகமாக்கினார், உலகம் முழுக்கப் பரவியது. 2004-இல் மைக் லோரன்ஸும் அன்டர்ஸ் விர்க்ரனும் அந்த விதி பிழை, நம்பாதே என்று இன்னொரு புத்தகம் போட்டார்கள். யார் சரி என்பதை விடுங்கள். வேர்ன் தன் எண்ணத்தைக் காகிதத்தில் வைத்தபடியால்தான் முப்பத்தைந்து வருடம் கழித்து வேறு நாட்டில் இருவர் அதோடு மல்லுக்கட்ட முடிந்தது. எங்கள் மாமாவின் “ஒரு இது”வோடு யார் மல்லுக்கட்டுவது?

பெரியாக்களின் மறுப்பு எனக்குத் தெரியும். “தம்பி, இது கணக்கில்லை, அனுபவம். ஆளின்ரை முகத்தைப் பாக்கவேணும்.” நான் அதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். மேலே போட்ட கணக்கில் “அவர் சும்மா கேட்கிற ஆள் இல்லை” என்று ஒரு வரி வந்ததைக் கவனித்தீர்களா? 43 வீதத்தை 48 ஆக்கியது அந்த வரிதான். அது அனுபவம். இன்னார் மூன்றாவது பியருக்குப் பிறகு ஒன்பதை நம்பிக் கேட்பார், இன்னார் மனைவி பக்கத்தில் நின்றால் கேட்கமாட்டார், இந்த அறிவு விலைமதிப்பில்லாதது. அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். “அவர் சொண்டைக் கடிச்சார், அதாலை ஒன்பது இல்லை எண்டு நினைச்சன்” என்று ஆட்டம் திறக்கமுதல் சொன்னால் அது நிபுணர் வாக்கு. திறந்த பிறகு சொன்னால் கதை.

இளசுகள் பக்கமும் எனக்குச் சண்டை இருக்கிறது. நீங்கள் சொல்லப்போவது தெரியும்: “அண்ணா, கொம்பியூட்டர்லை போட்டாச் சரிதானே.” நான் சம்பளம் வாங்குவதே கொம்பியூட்டரில்தான், ஆனபடியால் கொஞ்சம் பொறுங்கள். நாலு கையையும் கொடுத்து ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் நிரல் நொடியில் சொல்லும். அது நாலு கையையும் பார்த்துவிட்டுச் சொல்கிறது. அதற்கும் கதிரையில் சாய்ந்த மாமாவுக்கும் என்ன வித்தியாசம்? வேகம் மட்டும். மாமாவின் அதே குற்றத்தைச் சிலிக்கனில் செய்வது நிபுணத்துவம் ஆகாது. மற்ற வழி, தெரியாத கடதாசிகளை ஆயிரம் விதமாகப் போட்டுப் பார்ப்பது. அது நேர்மையான வழி. ஆனால் எதிராளியின் 170-க்கு எந்த மாதிரிக் கைகள் பொருந்தும் என்று அதற்கு நீங்கள்தான் முதலில் சொல்லவேண்டும். அந்தப் பதிலை எங்கே எடுப்பீர்கள்? தோர்ன்டன் ஹீத்தில் பென்ஷனில் இருக்கிற ஒருவரிடம். அவர் இன்னும் எத்தனை வருடம் மேசைக்கு வருவார்?

இது வீண் பயம் என்று நினைக்காதீர்கள். கலாவரை, இஸ்கோப்பன் என்று கடதாசி இனங்களைச் சொன்ன தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள் அவை. எனக்கே ஸ்பேட்ஸ், ஹார்ட்ஸ் என்றுதான் வாயில் வருகிறது. சொல் போனால் அகராதியில் தேடலாம். “170-க்கு மேலே எப்போது போகலாம்” என்ற அறிவுக்கு அகராதி இல்லை.

அதோடு, கதிரைக்குப் பின்னால் நின்று பொறுக்கிக்கொள்வது எல்லாருக்கும் கிடைத்த வாய்ப்பும் அல்ல. எனக்கு நிற்க விட்டார்கள், ஏனென்றால் நான் பெடியன். என் வயதுப் பெட்டைகள் அதே மண்டபத்தில் குசினிப் பக்கம் பிளாஸ்டிக் தட்டு அடுக்கிக்கொண்டு நின்றார்கள். பார்த்துப் பழகு என்கிற கல்வி, பார்க்க விடப்பட்டவனுக்கு மட்டும் கல்வி. வாயால் சொன்னால், எழுதினால், குசினிக்கும் அது கேட்கும். என் மச்சாள் ஒருத்தி ஆக்சுவரியாக வேலை செய்கிறாள். வீதமும் நட்டமும் அவளுடைய சாப்பாடு. அவளுக்கு இந்த விளையாட்டின் சட்டங்களே முப்பது வயதில்தான் தெரியவந்தது.

ஆகவே சங்கங்களுக்கு ஒரு கோரிக்கை. பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் 304 போட்டி வைக்கின்றன, கோப்பை கொடுக்கின்றன. நல்லது. அந்த நாளில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். திரையில் நாலு கடதாசியும் அதுவரையான கேள்வியும் மட்டும் காட்டுங்கள். ஊரில் பெயர் எடுத்த ஐந்து பேரை முன்னால் இருத்தி ஆளுக்கொரு பேப்பரில் பதிலை எழுதவையுங்கள். பிறகு காரணம் சொல்லட்டும், சண்டை பிடிக்கட்டும். மிச்சக் கடதாசியைக் காட்டவே வேண்டாம். இன்னும் ஆசை இருந்தால் பிரிட்ஜ் போட்டிகளில் செய்வதுபோல, ஒரே 32 கடதாசியை ஒரே மாதிரிப் பிரித்து எல்லா மேசையிலும் ஆடவிட்டுப் பாருங்கள். ஒரே கையை ஒரு மேசையில் கேட்டார்கள், மற்ற மேசையில் விட்டார்கள் என்று அப்போது கண்ணால் காணலாம். “எனக்குக் கடதாசி வரேல்லை” என்று ஒருவரும் சாட்டுச் சொல்லவும் முடியாது. சிலர் இதை எதிர்ப்பார்கள், எதற்காக என்று உங்களுக்கே விளங்கும்.

எழுதி வைக்க ஏலாத அளவு பெரிய விஷயமும் இல்லை. பிரிட்ஜில் ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 கடதாசிச் சேர்க்கைகள் 63 ஆயிரம் கோடிக்கு மேலே. 304-இல் முதல் நாலு கடதாசிக்கு உள்ள சேர்க்கைகள் 35,960. அவ்வளவுதான். இனங்களின் பெயரை மாற்றினால் ஒன்றாகிவிடுகிறவற்றைக் கழித்தால் இன்னும் சுருங்கும். ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் மூலையில் கிடக்கும். பக்கத்து நிரலில் “மாமா என்ன சொன்னார்”, அதற்குப் பக்கத்தில் “ஏன்”.

முதல் வரியை நீங்கள் நிரப்புங்கள். உங்கள் கையில் கிளப்ஸ் ஜே, பத்து, கே. கூட ஸ்பேட்ஸ் ஒன்பது. முதலில் பேசிய எதிராளி 170 கேட்டார். உங்கள் பாட்னர் விட்டுவிட்டார். எதிராளியின் பாட்னரும் விட்டுவிட்டார். நீங்கள்தான் கடைசி ஆள். நீங்களும் விட்டால் அவர் 170-இல் ஆடுவார், அவரை விழுத்த உங்களுக்கு 135 வேண்டும். 180 கேட்டால் ஒன்றில் நீங்கள் ஆடவேண்டும், அல்லது அவர் 200-க்கு ஏறவேண்டும். அவர் ஏறினால் உங்களுக்கு 105 போதும். 170 கேட்டவருக்கு எழுபது வயது, நிதானமான மனிசன், இன்றைக்குப் பியர் எடுக்கவில்லை.

பதிலையும் காரணத்தையும் கீழே எழுதுங்கள். வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு அதையும் எழுதுங்கள். ஆட்டம் எப்படி முடிந்தது என்று என்னிடம் கேட்கவேண்டாம், சொல்லமாட்டேன்.